மூன்று டிகிரிதானே! – சூட்டுக்குக் கணக்குப் போட்டவர்களின் கதை

(தொலைக்காட்சி கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியல் அளவீடுகளின் வரலாறு பற்றிப் பேசத்தான் கருத்தரங்கிற்கு என்னை அழைத்திருந்தார்கள். பேச வேண்டியதை எழுதி எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். ஒளிப்பதிவு தொடங்குவதற்குச் சற்று முன்னால், பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதைக் கேட்ட பிறகு எழுதி வைத்திருந்ததை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டேன்.

"ஐயா, நான் இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறேன். பெட்டியில் '30 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்' என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் மத்தியானம் 33 டிகிரி காட்டுகிறது. மூன்று டிகிரிதானே! அதில் என்ன குடி முழுகிவிடப் போகிறது? அந்த முப்பதை யார்தான் சொன்னது?"

நம் நாட்டு வெயிலில் வாழும் எல்லாருக்கும் எழ வேண்டிய கேள்வி இது. கேலிக்காக அவர் கேட்கவில்லை. மருந்தை நம்பி வாழ்கிற ஒருவருக்கு அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அறியும் உரிமை உண்டு. அதற்குப் பதில் சொல்ல ஏறத்தாழ 170 ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். அந்தக் கதையைத்தான் அன்று சொன்னேன்.

சமையலறையில் தெரிந்தது, தெரியாதது

சூடு கூடினால் எல்லாம் விரைவாக நடக்கும் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். இரவு ஆட்டி வைத்த மாவு குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தால் நாள் கணக்கில் தாங்கும். வெளியே இருந்தால் விடிவதற்குள் பொங்கி வழியும். தேங்காய்ப் பால் ஊற்றிய கறியைக் காலையில் மேசைமேல் மறந்து வைத்தால் மாலையில் அதைக் கீழே கொட்ட வேண்டியதுதான்.

'விரைவாக' என்று தெரியும். 'எவ்வளவு விரைவாக?' என்று கேட்டால் பாட்டியிடம் பதில் கிடையாது. அந்தக் காலத்து வேதியியல் அறிஞர்களிடமும் கிடையாது. எந்தப் பொருளும் எந்தப் பொருளும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதில்தான் அவர்களுடைய கவனம் இருந்தது. எவ்வளவு நேரத்தில் கிடைக்கும் என்பதை எண்ணால் சொல்ல முயன்றவர்கள் மிகக் குறைவு.

சர்க்கரைப் பாகில் தொடங்கிய கணக்கு

1850ஆம் ஆண்டில் லுட்விக் வில்ஹெல்மி எனும் ஜெர்மானியர் அந்த முயற்சியில் இறங்கினார். மருந்தாளராக இருந்து, பிறகு இயற்பியலும் வேதியியலும் படித்தவர். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னவர்.

அவர் எடுத்துக்கொண்டது நம் வீட்டுப் பொருள்தான். சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது உறைந்து போகாமல் இருக்க எலுமிச்சைச் சாறு பிழிவார்கள் அல்லவா? புளிப்பு சேர்ந்தால் கரும்புச் சர்க்கரை உடைந்து குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் எனும் இரண்டு சர்க்கரைகளாகிறது. வில்ஹெல்மி சர்க்கரைக் கரைசலில் அமிலத்தைச் சேர்த்து, அது எவ்வளவு வேகத்தில் உடைகிறது என்று அளந்தார்.

உடைவதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்கு அவர் ஒளியின் உதவியை நாடினார். ஒரே தளத்தில் அதிரும்படி செய்யப்பட்ட ஒளியைச் சர்க்கரைக் கரைசலின் ஊடே செலுத்தினால், அந்தத் தளம் வலப்பக்கம் திரும்பும். சர்க்கரை உடைய உடைய அந்தத் திருப்பம் குறைந்து, கடைசியில் இடப்பக்கம் போய்விடும். கரைசலைத் தொடாமல், கலைக்காமல், கோணத்தை மட்டும் பார்த்து எவ்வளவு சர்க்கரை மிச்சம் என்று சொல்லிவிடலாம்.

அவர் கண்டது இதுதான்: ஒவ்வொரு கணமும் உடையும் சர்க்கரையின் அளவு, அந்தக் கணத்தில் மிச்சமிருக்கும் சர்க்கரையின் அளவைப் பொறுத்தது. அந்த விகிதத்தைக் குறிக்கும் எண்ணை இன்று வினைவேக மாறிலி என்கிறோம். வெப்பநிலையை மாற்றினால் இந்த மாறிலியும் மாறுவதை அவர் கவனித்தார். அதற்கும் ஒரு சூத்திரம் எழுதிப் பார்த்தார்.

அவருடைய கட்டுரையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. வில்ஹெல்மி 1864இல் காலமானார். அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழித்துத்தான், 1884 வாக்கில், ஆஸ்ட்வால்டு எனும் வேதியியல் அறிஞர் அந்தப் பழைய கட்டுரையை உலகத்தின் பார்வைக்குக் கொண்டு வந்தார்.

ஒரே அளவுகள், பல சூத்திரங்கள்

இதற்கிடையே மற்றவர்களும் அளக்கத் தொடங்கியிருந்தார்கள். பிரான்சில் பெர்த்தலோ 1862இல் ஒரு சூத்திரம் சொன்னார். ஆம்ஸ்டர்டாமில் வாண்ட் ஹாஃப் 1884இல் வெளியிட்ட நூலில் வெப்பநிலைக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பைப் பல வடிவங்களில் எழுதிக் காட்டினார். 1901இல் வேதியியலுக்கான முதல் நோபெல் பரிசைப் பெற்றவர் இவர்தான்.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்கோர்ட் எனும் வேதியியல் ஆசிரியரும் எஸ்ஸன் எனும் கணித அறிஞரும் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் அயோடைடும் வினைபுரிந்தால் அயோடின் வெளிவரும். அதில் ஸ்டார்ச்சும் சிறிதளவு தயோசல்பேட்டும் சேர்த்து வைத்தால், தயோசல்பேட் தீரும் வரை கரைசல் நிறமில்லாமல் இருந்து, தீர்ந்த நொடியில் சட்டென்று நீலமாகிவிடும். நேரத்தைக் குறித்துக்கொண்டு மறுபடியும் கொஞ்சம் தயோசல்பேட் விடுவார்கள். நீலம் மறையும், மீண்டும் காத்திருப்பார்கள். இப்படி ஒவ்வொரு வெப்பநிலையிலும் பொறுமையாக அளந்தார்கள்.

அவர்களுடைய சூத்திரம் அந்த அளவுகளுக்கு மிக நன்றாகப் பொருந்தியது. எந்த வெப்பநிலையில் வேகம் சுழியமாகிவிடும் என்று அதைக் கொண்டு கணக்கிட்டபோது மைனஸ் 272.6 டிகிரி செல்சியஸ் என்று விடை வந்தது. இயற்பியல் சொல்லும் தனிச்சுழி வெப்பநிலை மைனஸ் 273.15. கிட்டத்தட்ட அதே எண்!

ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட சூத்திரங்கள் போட்டிக்கு நின்றன. எல்லாமே ஓரளவு பொருந்தின. இதற்குக் காரணம் உண்டு. வேதியியல் அறிஞர்கள் அளந்ததெல்லாம் ஐம்பது, அறுபது டிகிரி இடைவெளிக்குள்தான். அவ்வளவு குறுகிய இடைவெளியில் வெவ்வேறு வளைவுகள் ஒன்றையொன்று ஒட்டியே போகும். பொருந்துவதை மட்டும் வைத்து எது உண்மை என்று சொல்ல முடியாத நிலை.

தாழ்ந்த தரத்தில் தேறிய மாணவர்

இந்த நிலையில்தான் சுவீடன் நாட்டு சுவாந்தே அர்ஹீனியஸ் வருகிறார். 1859இல் உப்சாலா நகரத்துக்கு அருகில் பிறந்தவர். 1884இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தார். உப்புக் கரைசலில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்பது அதன் பொருள். தேர்வாளர்களுக்கு அது பிடிபடவில்லை. மிகத் தாழ்ந்த தரம் கொடுத்தார்கள். பல்கலைக்கழக வேலைக்கு அந்தத் தரம் போதாது.

ஆய்வேட்டின் படிகளை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அவர் அனுப்பி வைத்தார். வில்ஹெல்மியைத் தேடி எடுத்த அதே ஆஸ்ட்வால்டுதான் இதன் அருமையையும் உணர்ந்து, நேரில் உப்சாலாவுக்கே வந்து அவரைச் சந்தித்தார். பிறகு அர்ஹீனியசுக்கு உதவித்தொகை கிடைத்தது. ஆஸ்ட்வால்டு, போல்ட்ஸ்மன், வாண்ட் ஹாஃப் ஆகியோரின் ஆய்வுக்கூடங்களுக்குச் சென்று பணியாற்றினார். தாழ்ந்த தரம் பெற்ற அந்த ஆய்வில் முளைத்த கருத்துக்குத்தான் 1903இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

நம் கதைக்குத் தேவையானது அவர் 1889இல் எழுதிய கட்டுரை. மறுபடியும் அதே கரும்புச் சர்க்கரை! பலர் ஏற்கெனவே அளந்து வெளியிட்ட எட்டுத் தொகுதி அளவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் ஒரு எளிய கேள்வி கேட்டார்.

வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால், இத்தகைய வினைகளின் வேகம் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை கூடுகிறது. அதே ஒரு டிகிரிக்கு மூலக்கூறுகள் ஓடும் வேகம் நூற்றுக்கு ஆறில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஓட்டம் இவ்வளவு கொஞ்சமாகக் கூடும்போது, வினை ஏன் இவ்வளவு அதிகமாகக் கூடுகிறது?

அவர் கண்ட விடை: எல்லாச் சர்க்கரை மூலக்கூறுகளும் வினைபுரிவதில்லை. அவற்றுள் மிகச் சிலவே 'கிளர்ந்த' நிலையில் இருக்கின்றன. அவை மட்டுமே உடைகின்றன. சூடு கூடும்போது இந்தச் சிலரின் எண்ணிக்கைதான் மடமடவென்று பெருகுகிறது.

பத்துமலைப் படிகள்

இதைப் புரிந்துகொள்ளப் பத்துமலைக்குப் போவோம். அடிவாரத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் நிற்கிறார்கள். மேலே போக 272 படிகள் ஏற வேண்டும். கூட்டத்தில் எல்லாருக்கும் சக்தி இருக்கிறது. ஆனால் ஒரே மூச்சில் மேலே ஏறிவிடக்கூடியவர்கள் சிலர்தான்.

இப்போது எல்லாருக்கும் ஒரு கோப்பை தெம்பூட்டும் பானம் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டத்தின் சராசரிச் சக்தி கொஞ்சம்தான் கூடும். ஆனால் 'நானும் ஏறிவிடுவேன்' என்று புறப்படுகிறவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிடும். படிகள் 272க்குப் பதில் பத்தே பத்து என்றால், பானம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் எல்லாரும் ஏறிவிடுவார்கள். பெரிய வேறுபாடு தெரியாது.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. படிகளை நாம் பார்க்க முடியாவிட்டாலும், பானம் கொடுத்தபோது ஏறுகிறவர்களின் எண்ணிக்கை எத்தனை மடங்கு கூடியது என்பதைப் பார்த்து, படிகளின் உயரத்தைக் கணித்துவிடலாம். அந்த உயரத்தைத்தான் வேதியியலில் கிளர்வு ஆற்றல் என்கிறார்கள். பானம் என்பது சூடு. மூலக்கூறு தாண்ட வேண்டிய மலையை எவரும் கண்டதில்லை. கடிகாரமும் வெப்பமானியும் மட்டும் வைத்துக்கொண்டு அதன் உயரத்தை அளக்க வழி கிடைத்துவிட்டது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஆறாம் படிவ மாணவர்களுக்காக ஒரு கணக்கைச் சொல்கிறேன். மற்றவர்கள் எண்களை மட்டும் கவனித்தால் போதும்.

1921இல் அமெரிக்காவில் டேனியல்ஸ், ஜான்ஸ்டன் எனும் இருவர் டைநைட்ரஜன் பென்டாக்சைடு எனும் பொருள் சிதையும் வேகத்தை வெவ்வேறு வெப்பநிலைகளில் அளந்தார்கள். அதன் அளவுகள் இன்றுவரை பாடநூல்களில் இருக்கின்றன. 0 டிகிரியில் அந்தப் பொருளில் பாதி சிதைய ஏறத்தாழ 10 நாள் ஆகும். 25 டிகிரியில் ஐந்தரை மணி நேரம். 65 டிகிரியில் இரண்டரை நிமிடம்கூட ஆகாது!

இதிலிருந்து மலையின் உயரத்தைக் காணும் முறை இது. முதலில் செல்சியசைக் கெல்வினாக மாற்ற வேண்டும், அதாவது 273.15ஐக் கூட்ட வேண்டும். 25 டிகிரி என்பது 298.15 கெல்வின், 65 டிகிரி என்பது 338.15 கெல்வின். அடுத்து, 65இல் உள்ள வேகத்தை 25இல் உள்ள வேகத்தால் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 141 மடங்கு. இதன் இயல் மடக்கை 4.947. பிறகு, ஒன்றை 298.15ஆல் வகுத்து, அதிலிருந்து ஒன்றை 338.15ஆல் வகுத்து வருவதைக் கழிக்க வேண்டும். கிடைப்பது 0.000397. முன்னதைப் பின்னதால் வகுத்து, வாயு மாறிலியான 8.314ஆல் பெருக்கினால், ஒரு மோலுக்கு ஏறத்தாழ 104 கிலோஜூல் என்று வரும். அதுதான் கிளர்வு ஆற்றல்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இந்தப் பானைக்கு அது செல்லாது. ஒரே வெப்பநிலையில் எத்தனை முறை அளந்தாலும் மலையின் உயரம் தெரியாது. இரண்டு வெப்பநிலைகளாவது வேண்டும். அந்த இரண்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. எந்த இரண்டு புள்ளிகளையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்துவிடலாம். மூன்றாவது, நான்காவது புள்ளியும் அதே கோட்டில் வந்து உட்கார்ந்தால்தான் கணக்கை நம்பலாம். 0 டிகிரி, 25 டிகிரி அளவுகளை மட்டும் எடுத்து இதே கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 102 கிலோஜூல் வருகிறது. முன்னது 104, இது 102. கோடு நேராகத்தான் போகிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 'பத்து டிகிரி கூடினால் வேகம் இரட்டிப்பாகும்' என்று பள்ளியில் படித்திருப்போம். எல்லா வினைக்கும் பொருந்தும் விதியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அறை வெப்பநிலையில் கிளர்வு ஆற்றல் 53 கிலோஜூல் அளவில் இருந்தால்தான் சரியாக இரட்டிப்பாகும். நாம் கண்ட இந்தப் பொருளுக்கோ 25இலிருந்து 35 டிகிரிக்குப் போகும்போது நான்கு மடங்கு அளவுக்குக் கூடிவிடுகிறது. மலை உயர உயர, சூட்டின் ஆட்டமும் கூடும்.

பொருள் சொன்னவர் வென்றார்

போட்டிக்கு நின்ற சூத்திரங்கள் என்னவாயின? ஹார்கோர்ட், எஸ்ஸன் சூத்திரம் அளவுகளுக்கு அழகாகப் பொருந்தியது உண்மை. ஆனால் அதிலுள்ள எண் எதைக் குறிக்கிறது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அர்ஹீனியசின் எண்ணுக்கு ஒரு பொருள் இருந்தது: தாண்ட வேண்டிய உயரம். அந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு பின்வந்தவர்கள் மேலே கட்டினார்கள். 1920இல் டால்மன் அந்த ஆற்றலுக்குத் துல்லியமான விளக்கம் தந்தார். 1935இல் ஐரிங் ஒரு பக்கமும், எவான்ஸ், போலானி ஆகியோர் இன்னொரு பக்கமும் மலை உச்சியில் மூலக்கூறு எந்த நிலையில் இருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

ஆர்வம் ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. ஹார்லோ ஷாப்லி எனும் புகழ்பெற்ற வானியலாளர், மவுண்ட் வில்சன் மலையில் நட்சத்திரங்களை ஆராய்ந்த நேரம் போக, சுவரோரம் ஊர்ந்த எறும்புகளின் வேகத்தை அளந்து 1920இல் கட்டுரை எழுதினார். எறும்பு ஓடும் வேகத்தை வைத்தே வெப்பநிலையை ஒரு டிகிரி பிசகுக்குள் சொல்லிவிட அவரால் முடிந்தது. எறும்பின் காலுக்குள்ளும் வேதியியல்தானே நடக்கிறது!

கோடு எதுவரை போகும்?

இந்தக் கணக்கில் ஓர் ஆபத்தும் உண்டு. அளந்த இடத்தைத் தாண்டிக் கோட்டை நீட்டினால் ஏமாந்து போவோம்.

நம் மாவுக்கே வருவோம். 20 டிகிரியிலும் 30 டிகிரியிலும் புளிக்கும் வேகத்தை அளந்து கோடு போட்டால், 70 டிகிரியில் நிமிடக் கணக்கில் புளித்துவிட வேண்டும். ஆனால் அந்தச் சூட்டில் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களே செத்துப் போகும். மாவு புளிக்கவே புளிக்காது. முட்டையின் வெள்ளைக்கரு, இன்சுலின் போன்ற புரதப் பொருள்களும் ஓர் அளவுக்கு மேல் சூடானால் உருக்குலைந்துவிடும். கோடு நேராக இருப்பது, உள்ளே நடக்கும் வினை மாறாமல் இருக்கும் வரைதான். நேர்மையான ஆய்வாளர் விடையைச் சொல்வதோடு, எந்த வெப்பநிலை முதல் எந்த வெப்பநிலை வரை அளந்தார் என்பதையும் சேர்த்தே சொல்வார்.

மருந்துப் பெட்டிக்கு வந்த கணக்கு

இனி அம்மையாரின் மருந்துக்கு வருவோம்.

ஒரு மருந்து இரண்டு ஆண்டு கெடாமல் இருக்குமா என்று அறிய, இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை நோயாளி என்ன செய்வார்? 1955இல் காரெட் என்பவரும் அவருடன் பணியாற்றியவரும் ஒரு திரவ மருந்தின் நிறம் மங்குவதை அதிகச் சூட்டில் விரைவாக அளந்து, அர்ஹீனியஸ் கோட்டின் வழியே சாதாரண வெப்பநிலைக்கு இறக்கி, எவ்வளவு நாள் தாங்கும் என்று முன்கூட்டியே கணித்துக் காட்டினார்கள். பிறகு இது மருந்துத் துறை முழுவதும் பரவியது. ஆனாலும் கோட்டை முழுமையாக நம்பிவிடாமல், உண்மையான சேமிப்பு வெப்பநிலையிலும் மருந்தை மாதக்கணக்கில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது விதி. கோட்டின் எல்லையை அறிந்தவர்கள் வகுத்த விதி அது.

எந்த வெப்பநிலையில் வைத்துச் சோதிப்பது? ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் ஆகியவை 1993இல் ஒப்புக்கொண்ட அளவு 25 டிகிரி, 60 விழுக்காடு ஈரப்பதம். குளிர்நாட்டாருக்கு அது சரி. நம் புழுக்கத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? அதனால்தான் ஆசியான் நாடுகள் 2005இல் தங்களுக்கென்று வழிகாட்டியை வகுத்துக்கொண்டபோது, நீண்டகாலச் சோதனைக்கு 30 டிகிரி, 75 விழுக்காடு ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டன. மலேசியா, சிங்கப்பூர் இரண்டுக்கும் இதுவே அளவு. "அந்த முப்பதை யார் சொன்னது?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். நம் வட்டாரத்தின் தட்பவெப்பத்தை எண்ணிப் பார்த்து, நம் வட்டாரத்தாரே ஏற்றுக்கொண்ட எண் அது.

மூன்று டிகிரிக்கு என்ன விலை?

1971இல் ஹெய்ன்ஸ் எனும் ஆய்வாளர் இன்னோர் உண்மையை எடுத்துக்காட்டினார். ஒரு நாளின் சராசரி வெப்பநிலை, மருந்து உண்மையில் பட்ட சூட்டைச் சொல்லாது. மருந்துத் துறையில் இதற்குப் பொதுவாக வைத்துக்கொள்ளும் கிளர்வு ஆற்றல் 83.144 கிலோஜூல். வாயு மாறிலியால் வகுத்தால் 10,000 என்று முழு எண்ணாக வருவதால், கணக்குக்கு வசதி.

இந்த எண்ணைக் கொண்டு பார்த்தால், 25 டிகிரியில் ஒரு பங்கு சிதையும் மருந்து 40 டிகிரியில் ஐந்து பங்கு சிதைகிறது. பாதி நாள் 25, பாதி நாள் 40 என்றால், வெப்பமானியின் சராசரி 32.5 டிகிரி. மருந்துக்கோ அது நாள் முழுவதும் 35 டிகிரியில் கிடந்ததற்குச் சமம். இரவில் குளிர்ந்துவிட்டது என்பதால் பகலில் பட்ட சூடு ஈடாகிவிடாது.

அம்மையாரின் மூன்று டிகிரிக்கு வருவோம். 30இலிருந்து 33க்குப் போனால் சிதைவின் வேகம் ஏறத்தாழ 1.38 மடங்கு. எந்நேரமும் 33இலேயே இருந்தால், 24 மாதத்தில் ஆக வேண்டிய சிதைவு 17 மாதத்தில் முடிந்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரியை எட்டினால், அங்கே ஒரு மணி நேரம் என்பது 25 டிகிரியில் 34 மணி நேரத்துக்குச் சமம். அதுவும் மருந்து உருகாமல், உருக்குலையாமல் இருந்தால்தான்.

இவை பொதுவான எண்ணை வைத்துப் போட்ட கணக்கு. ஒவ்வொரு மருந்துக்கும் அதன் மலை வேறு. எனவே இதைக் கேட்டு யாரும் மருந்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்; நிறுத்தியும் விடாதீர்கள். ஐயம் இருந்தால் மருந்தாளரிடம் கேளுங்கள்.

ஒரு சின்னச் சதுரம்

முடிக்கும் முன் ஒன்று. மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பதற்குச் சான்று அது.

1996இல் போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் ஒரு புதிய முத்திரை ஒட்டப்பட்டது. ஒரு வட்டம், அதன் நடுவில் வெளிர்நிறச் சதுரம். சூடு படப் பட அந்தச் சதுரம் கருக்கும், மீண்டும் வெளுக்காது. சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. மின்சாரம் இல்லாத கிராமத்துக்கு ஐஸ் பெட்டியில் தடுப்பூசி சுமந்து போகும் தாதி, வழியில் அது எவ்வளவு சூடு பட்டது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொள்வார்.

இதன் இரகசியம் என்ன? சதுரத்தில் உள்ள பொருள் கருக்கும் வேகமும் தடுப்பு மருந்து கெடும் வேகமும், சூட்டுக்கு ஏற்ப ஒன்றையொன்று ஒட்டிப் போகும்படி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. இத்தகைய முத்திரைகளில் ஒரு வகை, 37 டிகிரியில் 30 நாளிலும் 25 டிகிரியில் 193 நாளிலும் முழுமையாகக் கருக்கும். மாணவர்கள் வீட்டில் இந்த இரண்டு எண்களைக் கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 119 கிலோஜூல் வரும். இரண்டே புள்ளி என்பதால் தோராயம்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வில்ஹெல்மி கோணம் பார்த்ததும், ஹார்கோர்ட் நீலத்துக்காகக் காத்திருந்ததும், தாழ்ந்த தரம் பெற்ற மாணவர் பிறர் அளந்ததை எடுத்துப் பொருள் கண்டதும் அந்தச் சதுரத்துக்குள் இருக்கின்றன. அந்தத் தாதிக்கு அவர்களில் யாருடைய பெயரும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் ஒழுங்காக அளந்திருக்காவிட்டால், கெட்ட மருந்தும் நல்ல மருந்தும் ஒரே குப்பியில் ஒரே நிறத்தில் இருக்கும். குழந்தையின் வாயில் விடும்வரை யாருக்கும் தெரியாது.

நிகழ்ச்சி முடிந்ததும் அந்த அம்மையார் மறுபடியும் வந்தார். "மருந்தை அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியில்தான் வைத்திருக்கிறேன் ஐயா. இன்றைக்கே படுக்கையறைக்கு மாற்றிவிடுகிறேன்" என்றார். "அங்கே எத்தனை டிகிரி என்று ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள் அம்மா. காலையிலும் பாருங்கள், மத்தியானத்திலும் பாருங்கள்" என்றேன்.

ஒரு முறை பார்த்தால் போதாது என்பதைத்தானே இவ்வளவு நேரம் பேசினோம்.